பதினோராம் மாடியில் ஒரு விமானந்தாங்கிக் கப்பல்

ரொறன்ரோவில் கடல் இல்லை. ஓர் ஏரி இருக்கிறது. அதுவும் எங்கள் ஜன்னலில் இருந்து தெரியாது. இருந்தும் அந்த நகரத்தில் ஒரு விமானந்தாங்கிக் கப்பலை இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஒரு விபத்தும் இல்லாமல் நடத்திக் காட்டிய ஒரே மனிதர் எங்கள் கொமாண்டர்தான். ஒரு விபத்தும் இல்லை என்று எழுதியது பிழை. ஒன்று நடந்தது. மனேஜரின் முன்பல்லில் பாதி போனது. அது பிறகு வரும்.

கொமாண்டர் என்பது நாங்கள் வைத்த பெயர். முதலில் கேலிக்கு வைத்தோம். மூன்று மாதத்தில் வேறு பெயர் வாயில் வர மறுத்துவிட்டது. திருகோணமலைக்காரர். ஐம்பத்தொன்பது வயது, ஐந்தடி இரண்டங்குலம், ஒரு சூட்கேஸ். கடற்படையில் இருந்தீர்களா என்று யாராவது கேட்டால், "யுத்த காலத்தில திருகோணமலையில நிண்டனான்" என்பார். அது கேள்விக்குப் பதில் அல்ல என்பது எனக்கு விளங்க ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்தது.

எண்பத்தைந்தாம் ஆண்டு தை மாதம் அவர் வந்து சேர்ந்தபோது, ஸ்காபரோவில் எங்கள் அப்பாட்மென்ற்றில் இரண்டு படுக்கையறை, ஐந்து மெத்தை, எட்டு ஆம்பிளைகள் இருந்தோம். அவரோடு ஒன்பது. குத்தகைப் பத்திரத்தில் அனுமதிக்கப்பட்ட தொகை நாலு. பத்திரத்தில் முதல் கையெழுத்து என்னுடையது என்பதால் மற்ற எட்டுப் பேரும் நன்றாக நித்திரை கொண்டார்கள். எனக்கு நெஞ்சு படபடக்கும். ஊரில் பத்தொன்பது வருஷம் கணிதம் படிப்பித்தவன் நான். ஒன்பதில் நாலு போனால் எத்தனை என்பது எனக்குத் தெரியும், கட்டிடத்தைப் பார்க்கும் சூப்பருக்கும் தெரியும்.

வெளியேற்றினால் இன்னோர் இடம் பார்த்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். பார்க்கலாம். ஆனால் என் மனைவியும் இரண்டு மகள்மாரும் அப்போது திருச்சியில் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிடுவதற்கு நான் நிரப்பிக் கொடுத்த பத்திரங்கள் பதினேழு. பதினேழிலும் இந்த வீட்டின் விலாசம்தான். அவர்கள் வரலாம் என்கிற கடிதம் வந்தால் இந்த விலாசத்துக்குத்தான் வரும். மற்றவர்களுக்கும் அப்படித்தான், அகதி விசாரணைக்கு வா என்று கூப்பிடுகிற கடிதம் தவறினால், ஆள் போய்விட்டார் என்று கோப்பை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. எங்களுக்கு அது வீடு அல்ல. தபால்பெட்டி. தபால்பெட்டிக்குப் பக்கத்தில் நித்திரையும் கொண்டோம்.

நித்திரைதான் சண்டை. மூன்று ஷிஃப்ற், ஐந்து மெத்தை. கொமாண்டர் வந்த மறுநாள் காலை நடந்த உரையாடல் எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம். ஊரில் வங்கி உதவி மனேஜராக இருந்து இங்கே கார் கழுவுகிற மனேஜர், வேலை முடிந்து வந்து பார்க்கிறார். அவருடைய மெத்தையில் மன்னார் அந்தோனி.

"அந்தோனி, எழும்பும். உது என்ர மெத்தை."

"ஏழு மணிக்குப் பிறகுதான் உங்கட மெத்தை, அண்ணை. இப்ப ஆறு ஐம்பது."

"அதுமட்டும் நான் எங்க நிக்கிறது?"

"குசினியில நில்லுங்கோ. அங்க ஏற்கெனவே ரெண்டு பேர் நிக்கினம், பேச்சுத்துணைக்கு."

சூட்கேசின் மேல் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த கொமாண்டர் எழுந்தார். "உங்களுக்கு இடம் காணாமலில்லை," என்றார். "தளம் காணாது."

அன்று அவர் செய்த பிரசங்கத்தைப் பிறகு அறுபது தரமாவது கேட்டிருப்பேன்.

"மாஸ்ரர், இரண்டாம் உலக யுத்தத்தில வெள்ளைக்காரனுக்கும் உதே பிரச்சினைதான். விமானம் கிடக்கு, இறக்கத் தளம் இல்லை. பெரிய கப்பல் ஒண்டு கட்டி முடிக்க வருஷக்கணக்காகும். அதுக்கிடையில நீர்மூழ்கி வந்து சாமான் கப்பல் எல்லாத்தையும் தாட்டுப்போடும். என்ன செய்தவன்? கோதுமை ஏத்திற கப்பலைப் பிடிச்சான். மேல நிண்ட புகைபோக்கி, கம்பம் எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சான். நீட்டுக்கு ஒரு தளத்தைப் போட்டான். விமானத்தை ஏத்தினான். முடிஞ்சுது, போர்க்கப்பல்!"

"நல்ல வேகமா ஓடுமோ?" மனேஜர் கேட்டார்.

"ஓடாது."

"கவசம்?"

"தகரம்."

"பிறகு என்னதான் இருந்தது?"

"தளம் இருந்தது. மற்றச் சாமான் கப்பலுகளுக்கு நடுவில தானும் ஒண்டாப் போய், தன்ர தலைக்கு மேல இடம் குடுத்தது. அதால மற்றதுகள் கரை சேர்ந்தது." பிறகு எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். கார் கழுவும் மனேஜர், கோழி வெட்டும் அந்தோனி, விடுதிச் சமையலறையில் ஒரு ஷிஃப்ற்றுக்கு நானூறு கிழங்கு உரிக்கும் கணித ஆசிரியர். "பிறந்தது கோதுமை ஏத்த. யுத்தம் வந்து வேற வேலை குடுத்திட்டுது. அதுக்கென்ன, மிதக்குதுதானே."

மனேஜர் காலியான மெத்தையில் போய் விழுந்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

முதல் வேலையாக எங்கேயோ கட்டிட வேலை நடக்கிற இடத்தில் கழித்துப் போட்ட பிளைவூட் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கினார். எட்டடிக்கு நாலடி. பஸ்ஸில் ஏற்ற ஓட்டுநர் சம்மதிக்கவில்லை. தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்தார். மாசி மாதக் காற்று. ஆறு பஸ் தரிப்பு நடக்க வேண்டிய தூரம். காற்று இரண்டு தரம் அவரைத் திருப்பி எதிர்ப்பக்கம் கொண்டுபோனதால் பதினொரு தரிப்பு நடந்தார். வந்து சேர்ந்தபோது மீசையில் பனிக்கட்டி. "நல்ல காற்று," என்றார். "காற்றுக்கு எதிராத்தான் விமானம் ஏத்திறது."

அந்தப் பலகையைச் சாப்பாட்டு மேசைக்கு மேல் வைத்து ஆணி அறைந்தார். மேலே ஒருவர், கீழே இரண்டு மெத்தையை நெருக்கித் தள்ளி இரண்டு பேர். ஒரு மேசையில் மூன்று படுக்கை. நானே அளந்து பார்த்தேன்; கணக்குச் சரியாக வந்தது. சாப்பாட்டை அன்றிலிருந்து நின்றுகொண்டு சாப்பிட்டோம்.

அடுத்தது அறிவித்தல் பலகை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகைத் துண்டு, அதில் ஆளுக்கு ஓர் ஆணி, ஆணியில் பெயர் எழுதிய அட்டை. அட்டையின் ஒரு பக்கத்தில் 'வானம்', மறுபக்கத்தில் 'தளம்'. வேலைக்குப் போகிறவர் வானம் என்று திருப்பிவிட்டுப் போக வேண்டும். வந்து படுப்பவர் தளம் என்று திருப்ப வேண்டும். ஐந்து மெத்தையும் மேசைப் பலகையும் நிரம்பிவிட்டால் தளம் மூடப்பட்டது. பிறகு எவருக்கும் இறங்க அனுமதி இல்லை.

அனுமதி கொடுப்பதற்குத்தான் அந்த இரண்டு மட்டைகள்.

யாரோ வீட்டு முற்றத்தில் பழைய சாமான் விற்றபோது வாங்கிய மேசைப்பந்து மட்டைகள். ஒன்றில் இறப்பர் இல்லை. இரண்டுக்கும் மஞ்சள் கடதாசி ஒட்டினார். கப்பலில் விமானத்தை இறக்குகிறவன் இப்படி இரண்டு மட்டையோடு தளத்தின் ஓரத்தில் நிற்பானாம். விமானி அவனுடைய கையைத்தான் பார்ப்பானாம், கடலைப் பார்க்கமாட்டானாம். கொமாண்டர் பதினோராம் மாடியில் எலிவேற்றருக்கு எதிரே நிற்பார். கதவு திறக்கும். இரண்டு கையையும் தோள் மட்டத்தில் நேராக நீட்டினால் வரலாம். தலைக்கு மேல் குறுக்கே ஆட்டினால் திரும்பிப் போய் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும்.

அந்த முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் நான் மூன்று தரம் திருப்பி அனுப்பப்பட்டேன். கட்டிடத்தைச் சுற்ற நானூற்றுப் பன்னிரண்டு அடி. வெளியே மைனஸ் இருபது.

"மாஸ்ரர், ஒரு சுற்று."

"அண்ணை, இப்பதான் சுற்றி வாறன்."

"அந்தோனி இன்னும் கிளம்பேல்லை. செபமாலையில மூண்டாம் பத்தில நிக்கிறான்."

"மெத்தையை விட்டிட்டு முழங்காலில நிண்டு செபிக்கச் சொல்லுங்கோவன்."

"மெத்தையிலதான் முழங்காலில நிக்கிறான். பறக்க முன்னம் செய்யிற பரிசோதனை அது, குழப்பேலாது."

என்னுடைய வீடு, என்னுடைய கையெழுத்து. நான் திரும்பிப் போய்ச் சுற்றினேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அந்த மட்டைகள் குறுக்கே ஆடும்போது முன்னால் ஓர் அடி வைக்க மனம் வராது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அதே மாடியில் இருந்த ஒரு வயதான சீமாட்டி, கொமாண்டர் மேசைப்பந்தில் பைத்தியமானவர் என்றும் அவரோடு விளையாட வருகிற ஆட்கள் எல்லாரும் அவரைக் கண்டதும் ஓடிவிடுகிறார்கள் என்றும் நினைத்துக்கொண்டிருந்தார். நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு பந்து வாங்கிக் கொடுத்தார். கொமாண்டர் நன்றி சொல்லி வாங்கி, சட்டைப்பையில் வைத்தார்.

இனி மனேஜரின் பல். கப்பலில் இறங்குகிற விமானம் ஓடிப்போய்க் கடலில் விழாமல் இருக்கத் தளத்துக்குக் குறுக்கே கம்பி கட்டியிருப்பார்களாம். எங்கள் ஆட்கள் பனிச் சப்பாத்தோடு நேரே மெத்தைக்கு ஓடுகிறவர்கள். ஆகவே கதவுக்கு உள்ளே, கணுக்கால் உயரத்தில், நைலோன் கயிறு ஒன்று கட்டப்பட்டது. முதல் நாளே மனேஜர் பிடிபட்டார்.

"கயிறு வேலை செய்யுது," என்றார் கொமாண்டர்.

"ஐயோ, என்ர பல்லு!"

"இறங்கின வேகம் கூட, மனேஜர்."

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் வந்த பிறகு மெத்தைச் சண்டை நடக்கவில்லை. ஒன்பது பேர் எட்டு மணித்தியாலம் நித்திரை கொண்டோம். கட்டிடத்தில் எங்களைப் பற்றி ஒரு முறைப்பாடும் இல்லை. சூப்பர் எங்களைக் கவனிக்கவே இல்லை. அப்படியே இருந்திருக்கும், கொமாண்டர் தபால்பெட்டியில் கை வைக்காமல் இருந்திருந்தால்.

அடுத்த வருஷம் மனேஜருக்கு வந்த கடிதம் ஒன்று, அப்படி ஓர் ஆள் இங்கே இல்லை என்று திரும்பிப் போய்விட்டது. நல்லகாலம், அது கண்ணாடிக் கடைக் கடிதம். ஆனாலும் அன்று வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை. இனி ஒருவருடைய கடிதமும் தவறக்கூடாது என்று கொமாண்டர் தீர்மானித்தார். ஒன்பது பேரின் பெயரையும், தகப்பன் பெயரோடு, முதலெழுத்துச் சுருக்காமல், பெரிய எழுத்தில், அகர வரிசையில் எழுதி, கீழே வாசல் மண்டபத்தில் எங்கள் தபால்பெட்டியின் கதவில் ஒட்டினார். எங்கள் பெயர்கள் நீளம். பக்கத்துப் பெட்டியிலும் பாதி மூடியது.

தபால்காரருக்கு மிகவும் சந்தோஷம். நான் வேலையால் வந்து பார்க்கிறேன்: நாலு பேர் இருக்க வேண்டிய வீட்டில் ஒன்பது பேர் இருக்கிறோம் என்பதை நாங்களே எழுதி, கட்டிடத்தில் இருக்கிற எல்லாரும் தினமும் கடந்து போகிற இடத்தில் ஒட்டியிருக்கிறோம். அதற்கு முன்னால் சூப்பர் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி போட்டுப் படித்தார். முடிக்கப் பத்து நிமிஷம் எடுத்தது, பெயர்கள் அப்படி.

இரண்டாம் நாள் கதவின் கீழால் கடிதம் வந்தது. அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் குடியிருப்பவர்களை எண்ணிப் பார்ப்பதற்காகச் சூப்பர் வருவார். பத்திரத்தில் உள்ளதற்கு மேல் இருந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"இப்ப நான் பிள்ளையளுக்கு என்ன எழுதிறது?" என்றேன். "விலாசம் போகப் போகுது எண்டோ?"

கொமாண்டர் என்னை நேராகப் பார்க்கவில்லை. "என்ர பிழை, மாஸ்ரர்," என்றார். "பெட்டியை நான்தான் காட்டிக் குடுத்தனான். வியாழக்கிழமை நான் பாக்கிறன்."

வியாழக்கிழமைக்கான திட்டம் ஒரு சீரியல் பெட்டியின் உட்பக்கத்தில் வரையப்பட்டது. பத்திரத்தில் பெயர் உள்ள நாலு பேர் தளத்தில். மற்ற ஐந்து பேர் வானத்தில். வானம் என்றால் பஸ். காலை எட்டு மணிக்குப் பத்து நிமிஷ இடைவெளியில் ஒவ்வொருவராகப் புறப்பட்டு, மல்வேர்ன் வரை போய், திரும்பி, மறுபடி போய், பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் இறங்கலாம். எரிபொருளாக ஆளுக்கு ஒரு போத்தல் தேத்தண்ணி, நாலு துண்டு பாண். சப்பாத்துகளைக் குளியல் தொட்டிக்குள் போட்டுத் திரையை இழுத்து மூடினோம். முப்பத்தொரு சப்பாத்து. ஒற்றை எண் எப்படி வந்தது என்பது இன்று வரை எனக்குத் தீராத கவலை.

வானத்துக்குப் போக வேண்டிய ஐந்து பேரில் கொமாண்டரும் ஒருவர். அவர் போகவில்லை. "ஆரும் நேரத்தோட திரும்பி வந்தா மறிக்க ஆள் வேணும்," என்று மட்டைகளோடு எலிவேற்றருக்கு முன்னால் போய் நின்றார்.

ஒன்பதரைக்கு எலிவேற்றர் திறந்தது. நான் கதவை நாலு விரல் அகலத்துக்குத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தோனி.

கொமாண்டர் தலைக்கு மேல் மட்டைகளை ஆட்டினார்.

"அண்ணை, அவசரம். விடுங்கோ."

"தளம் மூடியிருக்கு. ஒரு சுற்று."

"இனிச் சுற்றேலாது, அண்ணை. தேத்தண்ணி முழுக்கக் குடிச்சிட்டன்."

"ஆர் உன்னை முழுக்கக் குடிக்கச் சொன்னது? அது பன்ரண்டு மணி மட்டும் வைச்சுக் குடிக்கத் தந்தது!"

"பஸ்ஸில வேற என்ன வேலை, அண்ணை?"

அந்தோனி ஒரு காலில் நின்று மறுகாலுக்கு மாறினான். கொமாண்டர் தயங்கினார். மட்டைகள் மெல்ல இறங்கி, வரலாம் என்பதற்கும் வரக்கூடாது என்பதற்கும் நடுவில் நின்றன. அந்த நேரம் பார்த்து அவருக்குப் பின்னால் படிக்கட்டுக் கதவு திறந்தது. மற்ற எலிவேற்றர் பழுது. அதைத் திருத்திக்கொண்டிருந்த சூப்பர், அரை மணி முந்தி, படியால் ஏறி வந்துவிட்டார்.

சூப்பர் ஆறடி உயரம். அறுபது வயதைத் தாண்டியவர். கையில் ஒரு ஸ்பானரும் எண்ணிக்கைப் படிவமும். அவர் கொமாண்டரின் முதுகைப் பார்த்தார். மஞ்சள் மட்டைகளைப் பார்த்தார். எலிவேற்றர் வாசலில் ஒற்றைக் காலில் நிற்கிற அந்தோனியைப் பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"இடது கை தாழ்ந்திருக்கிறது."

கொமாண்டர் திரும்பவில்லை. இடது கையை ஓர் அங்குலம் உயர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் ஓர் அங்குலம்.

"இப்போது சரி. நீ முதலில் பிடித்தபடி பிடித்தால் பையன் கடலுக்குள் போயிருப்பான்." பிறகு அந்தோனியைப் பார்த்து, "நீ இறங்கலாம்," என்றார்.

அந்தோனி இறங்கினான். கயிற்றை அவன் தொடவே இல்லை. அப்படி ஒருவரும் அதற்கு முன்னும் பின்னும் தாண்டியதில்லை. ஒரு கணத்தில் குளியலறையில் இருந்து குரல் வந்தது: "இதென்ன, சப்பாத்துக்கடையோ!"

சூப்பர் உள்ளே வந்தார். மேசைக்கு மேல் இருந்த பலகையைக் கையால் தட்டிப் பார்த்தார். குனிந்து கீழே பார்த்தார். நித்திரை கொண்டிருந்த மனேஜரின் பாதம் தெரிந்தது. ஆணிப் பலகையில் வானம், தளம் என்று தொங்கிய அட்டைகளைப் பார்த்துவிட்டு, அது என்ன என்று என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். பொய் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

அவர் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தார். பதினெட்டு வயதில் அத்திலாந்திக்கில் ஒரு கோதுமைக் கப்பலில் இருந்தாராம். மேலே தளம் போட்ட கப்பல். கப்பல் முழுக்கக் கோதுமை, அதன் தலைக்கு மேல் நாலு விமானம். அவர் கோப்பை கழுவினார். நாற்பது வருஷத்தில் இந்த மட்டைகளைப் பிடித்த ஒரு மனிதரை இன்றைக்குத்தான் மறுபடி பார்க்கிறார்.

"நீ எந்தக் கப்பல்?" என்று கொமாண்டரைக் கேட்டார். "எங்கே நித்திரை கொண்டாய்? மேல்தளத்துக்கு நேர் கீழேயா? விமானம் இறங்கும்போது எங்களுக்குக் காது அடைத்துப் போகும்."

அவர் முகத்தில் அவ்வளவு ஆவல். கொமாண்டர் ஏதாவது ஒரு கப்பலின் பெயரைச் சொன்னால் போதும், எங்கள் விலாசம் பிழைத்துக்கொள்ளும். நான் கொமாண்டரின் காதுக்குள் தமிழில் சொன்னேன்: "ஒரு பேரைச் சொல்லுங்கோ அண்ணை. எந்தப் பேரெண்டாலும் சொல்லுங்கோ."

கொமாண்டர் மட்டைகளை மேசையில் வைத்தார்.

"ஒரு கப்பலும் இல்லை, சேர்," என்றார் ஆங்கிலத்தில். "நான் ஒன்றிலும் ஏறினதே இல்லை."

பதினேழு பத்திரங்களும் ஒவ்வொன்றாகக் கண்முன் போயின.

"நான் விமானத்தளத்துச் சமையலறைக்கு மரக்கறி எண்ணிக் கொடுத்தவன், சேர். அங்கே ஓடுபாதையில் கப்பல் அளவுக்குக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டின் மூலையில் ஒருவன் இரண்டு மட்டையோடு நிற்பான். கடலுக்குப் போக முதல் பையன்கள் அங்கே இறங்கிப் பழகுவார்கள். நாள் முழுக்க. கப்பல் இல்லை. தரை. ஆனால் கப்பல் இருக்கிறது என்று நினைத்துத்தான் இறக்கினார்கள். நான் ஆறு மாதம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்."

சூப்பர் ஒரு மட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பத்தொரு செக்கன். குளியலறையில் தண்ணீர் ஓடுகிற சத்தம்.

"எங்கள் தளத்தில் வந்து இறங்கிய ஒவ்வொரு பையனும்," என்றார் கடைசியில், "அப்படி ஒரு தரையில்தான் முதலில் பழகினான். அங்கே நின்றவன் ஒழுங்காகச் செய்தபடியால்தான் எங்கள் தலைக்கு மேல் அவன் ஒழுங்காக இறங்கினான்."

படிவத்தை எடுத்தார். என்னைப் பார்த்தார். "எத்தனை பேர்?"

என்னால் நாலு என்று சொல்ல முடியவில்லை. ஒன்பது என்றும் சொல்ல முடியவில்லை. பத்தொன்பது வருஷம் படிப்பித்தவனுக்கு ஓர் எண் வாயில் வராத முதல் நாள் அது. அவரே எழுதினார்.

"நாலு. வானத்தில் நிற்பதைத் தளத்தில் எண்ணக்கூடாது." எழுந்து கதவருகே போய், கயிற்றைக் கவனமாகத் தாண்டினார். "அந்தப் பெயர்களைத் தபால்பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். தபால்காரன் திறந்து பார்க்கட்டும். கட்டிடச் சொந்தக்காரன் பார்க்க வேண்டியதில்லை."

அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் பத்து மணிக்குச் சூப்பர் வந்துவிடுவார். பலகையில் உட்கார்ந்து, இவருடைய கப்பலா அவருடைய தரையா ஒழுங்கு என்று பன்னிரண்டு மணி வரை வாதாடுவார்கள். இதனால் வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம் எங்களுக்கு ஒரு படுக்கை நட்டம். "அண்ணை," என்று அந்தோனி ஒரு நாள் என்னிடம் கேட்டான், "இந்த மனுசனும் லீஸில இருக்கிறாரோ?"

எண்பத்தேழாம் ஆண்டு பங்குனியில் கடிதம் வந்தது. தபால்பெட்டியில் இருந்து பதினோராம் மாடிக்கு அதை மார்போடு பிடித்துக் கொண்டுவந்தேன். கதவு திறந்ததும் கொமாண்டர் என் முகத்தைப் பார்த்தார். தளம் மூடியிருந்தும் மட்டைகளை நேராக நீட்டினார்.

வைகாசியில் மனைவியும் மகள்மாரும் வருவதாக இருந்தது. மனேஜரும் அந்தோனியும் மற்றவர்களும் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துப் போனார்கள். கொமாண்டருக்குப் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் காவல் வேலை சரிவந்தது. அங்கேயே ஒரு மூலையில் படுத்துக்கொள்ளலாமாம். விமான நிலையத்துக்குப் போகிற அன்று காலை, மெத்தைகளைக் கீழே கொண்டுபோகச் சூப்பர் கை கொடுத்தார்.

"இனிமேல் லோண்டரி அறைக் கதிரைக்கு வேலை இல்லை," என்றார்.

"எந்தக் கதிரை?"

"உங்கள் கொமாண்டர் நித்திரை கொள்கிற கதிரை. பேஸ்மென்ற்றில், உடுப்பு உலர்த்துகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில். தினமும் மத்தியானம் நாலு மணித்தியாலம். ஒரு வருஷமாகப் பார்த்தேன், வேறு கட்டிடத்து ஆள் என்று நினைத்தேன். அன்றைக்கு மட்டையோடு பார்த்த பிறகுதான் உங்கள் ஆள் என்று தெரிந்தது. உனக்குத் தெரியாதா?"

நான் மேலே வந்து அறிவித்தல் பலகையைப் பார்த்தேன். சப்பாத்தை எண்ணியிருக்கிறேன். கிழங்கை எண்ணியிருக்கிறேன். கட்டிடத்தைச் சுற்றிய அடிகளை எண்ணியிருக்கிறேன். இரண்டு வருஷமும் நாலு மாதமும் என் மூக்குக்கு முன்னால் இருந்த ஆணிகளை அன்றைக்குத்தான் எண்ணினேன்.

எட்டு.

கொமாண்டர் குசினியில் சூட்கேசைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உங்கட ஆணி எங்க?"

"நான் மட்டைக்காரன், மாஸ்ரர். மட்டைக்காரன் மற்றவையை இறக்கிறவன். அவனுக்கு இறங்க இடம் தேவையில்லை."

"ஒன்பது பேருக்குக் கணக்குச் சரியா வந்ததே!"

"எட்டுப் பேருக்குத்தான் வந்தது," என்றார். "ஒன்பதுக்கு வராது. நான் போட்டுப் பாத்தனான். விமானத்துக்கு நேரமாச்சு, போங்கோ."

முப்பத்தொரு மணித்தியாலம் பயணம் செய்த மனைவியையும் மகள்மாரையும் ஆறு பெட்டிகளையும் கூட்டிக்கொண்டு பின்னேரம் வந்து சேர்ந்தேன். எலிவேற்றர் பதினோராம் மாடியில் திறந்தது. எதிரே கொமாண்டர், கோட்டும் தொப்பியும் போட்டு, காலடியில் சூட்கேஸ். இரண்டு மட்டைகளும் தோள் மட்டத்தில், நூல் பிடித்ததுபோல் நேராக. இடது கை தாழவில்லை.

என் மனைவி பெட்டியை இறுக்கிப் பிடித்தாள். "இதார்? ஏன் இப்படி நிக்கிறார்?"

"வரலாமாம்," என்றேன்.

அவர்கள் உள்ளே போனார்கள். கயிறு அவிழ்க்கப்பட்டிருந்தது. பலகையில் பழைய அட்டைகள் இல்லை. அவர் கையெழுத்தில் நாலு பெயர் தொங்கியது, என்னுடையதும் மனைவியினதும் மகள்மாரினதும். நாலும் தளம். பத்திரத்தில் நாலு, வீட்டில் நாலு. அந்த வீட்டில் கையெழுத்து வைத்த நாளில் இருந்து கணக்குச் சரியாக வந்தது அன்றைக்குத்தான். இனி நெஞ்சு படபடக்க ஒரு காரணமும் இல்லை.

நான் வெளியே போய், எலிவேற்றருக்குள் ஒரு கால் வைத்திருந்தவரின் சூட்கேசைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். "ஐஞ்சு பேராகுது, மாஸ்ரர்," என்று பின்னாலேயே வந்தார். "நீங்கள் எண்ணேல்லையோ? ஐஞ்சு!" மகள்மார் சிரித்தார்கள். நான் ஒரு சீரியல் பெட்டியைத் தேடி அட்டை வெட்டினேன். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். இருந்தாலும் கொமாண்டர் என்றே எழுதி, ஐந்தாவது ஆணியில், தளம் என்கிற பக்கம் வெளியே தெரியும்படி மாட்டினேன்.